வெள்ளியும் ரூபாயும்: ஒரு மாற்று விகிதத்தின் வரலாறு

சிங்கப்பூர்த் தமிழராகிய நாம் டாலரை ‘வெள்ளி’ என்றும் சென்ட்டைக் ‘காசு’ என்றும் வழங்குகிறோம். தமிழகத்திலிருந்து முதன்முறையாகச் சிராங்கூன் சாலைக்கு வருவோர், ‘பத்து வெள்ளி’ என்று விலை கூறக் கேட்டுச் சற்றே திகைப்பதுண்டு. ஆயினும் அவர்கள் கையிலுள்ள ரூபாய்க்கும் வேர்ப்பொருள் அதுவே. ‘ரூப்ய’ என்னும் வடசொல் முத்திரையிட்ட வெள்ளியைக் குறிக்கும். இரு நாட்டு நாணயங்களும் ஒரே உலோகத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இப்பெயர் ஒற்றுமையிலிருந்தே அவற்றின் மாற்று விகித வரலாற்றைத் தொடங்கலாம்.

1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூர் இந்திய அரசாங்கத்தின் ஆளுகையில் இருந்தது. அரசின் கணக்கு ரூபாயில். கடைத்தெருவின் கணக்கோ ஸ்பானிய, மெக்சிகோ டாலர்களில். ரூபாயை இங்கே நிலைநாட்ட இந்திய அரசு செய்த முயற்சியை வணிகர்கள் எதிர்த்தனர். அக்காலத்தில் விகிதம் கணிப்பது எளிது. மெக்சிகோ டாலரில் ஏறத்தாழ 377 கிரெயின் தூய வெள்ளி; ரூபாயில் 165 கிரெயின். எடைக்கு எடை பார்த்தால் ஒரு வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் அமர்ந்து உண்டியல் எழுதிய செட்டியார்களுக்கு இந்த எடைக் கணக்கே அடிப்படை. வணிகத் தேவையும் தரகும் அதனைச் சிறிது ஏற்றும், சிறிது இறக்கும்.

1893 ஜூன் 26 அன்று இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அச்சிட்டுத் தருவதை நிறுத்தியது. அன்று முதல் ரூபாய் தன் உலோகத்தைப் பிரிந்தது. அதன் மதிப்பு பின்னர் 16 பென்சில், அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று நிலைபெற்றது. சிங்கப்பூரின் வெள்ளியோ உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ வீழத் தானும் வீழ்ந்தது. 1902 இறுதியில் ஒரு டாலரின் உலோக மதிப்பு 18 பென்சை ஒட்டியே நின்றது. ரூபாயில் அது ஒன்றேகாலையும் எட்டவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நூறு வெள்ளி அனுப்பியவர் வீட்டில் 225 ரூபாய்க்குக் குறையாமல் எண்ணியிருப்பர். இப்போது நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 115 ரூபாய். உழைப்பு குறையவில்லை, சேமிப்பும் குறையவில்லை. குறைந்தது விகிதம் மட்டுமே.

இந்நிலையை மாற்றவே 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் வெளியிடப்பட்டது. அது பம்பாய் நாணயச் சாலையில் வார்க்கப்பட்டது என்பது நாம் நினைவில் இருத்தத்தக்க செய்தி. 1906இல் அதன் மதிப்பு 28 பென்ஸ் என நிறுத்தப்பட்டது. 28ஐ 16ஆல் வகுத்தால் ஒரு வெள்ளிக்குச் சரியாக ஒன்றேமுக்கால் ரூபாய். முதல் உலகப்போரை ஒட்டி வெள்ளியின் விலை எகிறியபோது இக்கணக்கு கலைந்தது. 1920 தொடக்கத்தில் ரூபாய் 28 பென்சையும் கடந்து ஏறியதால், ஒரு வெள்ளிக்கு ஒரு ரூபாய்கூட முழுதாகக் கிடைக்காத நாள்களும் இருந்தன.

1927இல் இந்திய அரசு ரூபாயை 18 பென்சில் நிறுத்தியது. இந்த உயர்ந்த விகிதம் இந்திய விளைபொருளுக்கு ஊறு செய்யும் என்று அங்கே கடும் வாதம் நிகழ்ந்தது. நம்மவருக்கு அதன் விளைவு வேறு வகையில் வந்தது. வெள்ளியின் மதிப்பு ஒரு ரூபாய் எட்டணா பத்துப் பையும் சொச்சமும் ஆயிற்று. நூறு வெள்ளிக்கு முன்பு 175 ரூபாய். இனி ஏறத்தாழ 155½ ரூபாய். இடையில் சப்பானியர் ஆட்சியில் புழங்கிய ‘வாழைமரத் தாள்கள்’ 1945இல் வெறுந்தாளாயின. அவற்றில் சேமித்தவருக்கு எந்த விகிதமும் எஞ்சவில்லை. 1949இல் பவுனோடு இரு நாணயங்களும் சேர்ந்தே மதிப்பிறங்கியதால் அவற்றுக்கிடையே விகிதம் மாறவில்லை.

அந்த விகிதத்தை உடைத்தது 1966 ஜூன் 6. இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்க, பவுனுக்கு 13.33 ரூபாய் என்பது 21 ரூபாய் ஆயிற்று. வெள்ளி ஒரே நாளில் 1.56 ரூபாயிலிருந்து 2.45 ரூபாய்க்கு ஏறியது. சிங்கப்பூர் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது அதற்கடுத்த ஆண்டு, 1967 ஜூன் 12இல். அவ்வாண்டு நவம்பரில் பவுன் மதிப்பிறங்கியபோது புதிய வெள்ளி இறங்கவில்லை; பெட்டியில் வைத்திருந்த பழைய தாளின் ஒரு வெள்ளி மட்டும் 85 காசாயிற்று. 1973இல் சிங்கப்பூர் தன் நாணயத்தை மிதக்கவிட்டது. 1991 ஜூலையில் இந்தியா இருமுறை மதிப்புக் குறைத்தது. அண்மை ஆண்டுகளில் விகிதம் அறுபதைக் கடந்துள்ளது.

இந்த ஏற்றத்தை முழு ஆதாயமாகக் கொள்ளலாகாது. 1966இன் இரண்டரை ரூபாய்க்கு வாங்கிய அரிசியின் அளவையும் இன்றைய அறுபது ரூபாய்க்கு வாங்கும் அளவையும் ஒப்பிட்டே அனுப்பியவரின் உழைப்பு ஊரில் என்னவாயிற்று என்று அறியலாம்.

இங்கே நாம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். மேற்கூறியவை அரசுகள் அறிவித்த விகிதங்கள். தரகு போக ஒரு துறைமுகத் தொழிலாளியின் வீட்டுக்கு உண்மையில் சென்ற தொகை, கிட்டங்கிப் பேரேடுகளிலும் குடும்பங்களின் பழைய கடிதங்களிலுமே உள்ளது. ‘வெள்ளி இத்தனை, ரூபாய் இத்தனை’ என்று இரு பத்தியாக எழுதிய அத்தாள்கள் வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. அத்தகைய ஏடு தம் வீட்டில் உள்ளோர் அதைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் காட்ட முன்வர வேண்டும். நாணயத்திலிருந்து வெள்ளி போய்விட்டது. சொல் நம்மிடம் எஞ்சியுள்ளது. அச்சொல்லால் எழுதிய கணக்கும் எஞ்சுதல் வேண்டும்.