இசைத்தட்டு என்னும் சாட்சி

பழைய வித்வான்கள் எப்படிப் பாடினார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு வகை ஆதாரங்கள் உண்டு. ஒன்று எழுத்து, மற்றொன்று ஒலி. கனம் கிருஷ்ணையரைப் பற்றியும் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியும் மகா வைத்தியநாதையரைப் பற்றியும் உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்தவை முதல் வகை. அவற்றைப் படிக்கும்போது அந்தக் காலத்துச் சபை கண்முன் வருகிறது. ஆனால் நாதம் காதில் விழுவதில்லை. மகா வைத்தியநாதையர் 1893இல் மறைந்தார். இந்திய மண்ணில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல். இடையில் உள்ள ஒன்பது ஆண்டுகள்தான் நமக்கும் அவர் குரலுக்கும் நடுவே என்றென்றைக்குமாக நிற்கும் சுவர்.

ஒலி என்ற இரண்டாவது ஆதாரத்தை நாம் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். எழுதியவர் மிகைப்படுத்தியிருக்கலாம், தட்டு பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. தட்டும் ஒரு சாட்சிதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் 'என் பெயர் கௌஹர் ஜான்' என்று அவர் ஆங்கிலத்தில் அறிவிப்பது புகழ்பெற்றது. பலர் அதை ஒரு கலைஞரின் செருக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தொழிற்சாலையின் தேவை. பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலில் சென்று அங்கேதான் தட்டுகளாக அச்சாயின. மொழி தெரியாத ஊழியர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று அடையாளம் காண அந்த அறிவிப்பு உதவியது. 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தொழிற்சாலை அமைந்த பிறகுதான் தட்டுகள் இங்கேயே அச்சாகத் தொடங்கின. தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்கு.

அந்தக் காலத்துப் பதிவுமுறையில் மின்சாரம் இல்லை. பாடகர் ஒரு பெரிய கொம்பின் வாய்க்கு நேராக நின்று உரக்கப் பாட வேண்டும். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய குரலும் மந்தர ஸ்தாயியும் அந்தக் கொம்புக்குள் சரியாக இறங்கமாட்டா. மிருதங்கம் மங்கிக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. தம்புராவின் இடத்தில் பல தட்டுகளில் ஹார்மோனியம் ஒலிக்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நிமிடம், பன்னிரண்டு அங்குலத் தட்டுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒரு மணி நேரம் ராகம் பாடியவர்கள் அதற்குள் ராகத்தையும் கிருதியையும் அடைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கொம்பின் முன்னால் வந்து நின்றவர்கள் யார் என்பது தனி வரலாறு. உயர்ந்த ஸ்தானத்தில் இருந்த ஆண் வித்வான்கள் பலர் முதலில் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்ற பயம் இருந்தது. தெருவில் போகிறவன் எல்லாம் காசு கொடுத்துக் கேட்பதா என்ற எண்ணமும் இருந்தது. துணிந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். கோயம்புத்தூர் தாயி அவர்களில் முதன்மையானவர். அவருடைய தட்டு மோரிஸ் டெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் காதுக்கு எட்டியது. அவர் அந்தப் பதிவை அடியொற்றி 'ராகமாலிகா' என்ற படைப்பை 1912க்கும் 1914க்கும் இடையில் எழுதினார். நம் தாளவாத்தியத்தின் சாயல் வேண்டும் என்பதற்காக, பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகும்படி அதில் குறிப்பு எழுதினார். பாரிஸில் ஒரு கலைஞனைப் பியானோவுக்குள் கை விடவைத்த அந்தக் குரலின் பெயரை இன்றைய சென்னை ரசிகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? தேவதாசி ஒழிப்பு இயக்கமும் அதைத் தொடர்ந்து வந்த சபா நாகரிகமும் இந்தப் பெண்களை வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளின. தட்டுகள் இல்லாவிட்டால் அந்த ஓரமும் மிஞ்சியிருக்காது.

மறுபுறம், காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை தட்டுக்குப் பாட இசையவே இல்லை. லய நுட்பத்தில் அவருக்கு நிகரில்லை என்று சமகாலத்தவர் எல்லோரும் சொன்ன மனிதர் 1934இல் மறைந்தார். அவர் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் தட்டுகள் வழியாகவும், அவரிடம் பயின்ற பிருந்தாவின் பாட்டு வழியாகவுமே அவரை நாம் ஊகிக்க முடிகிறது. ஆகவே தட்டுகளை மட்டும் வைத்து எழுதப்படும் இசை வரலாற்றில் நாயனாப் பிள்ளை இருக்கமாட்டார். தட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் வரலாற்றில் தாயி இருக்கமாட்டார். இரண்டும் குறையுள்ள வரலாறுகளே.

இனி ஒப்பிடுதலுக்கு வருவோம். பழந்தட்டைக் கையில் எடுத்தவுடன் தேர்ந்த சேகரிப்பாளர் பார்ப்பது நடுவில் ஒட்டிய வண்ணச் சீட்டை மட்டுமல்ல. சீட்டில் ராகத்தின் பெயர் தவறாக இருக்கும், பாடகர் பெயர் சிதைந்திருக்கும். சீட்டுக்கு வெளியே அரக்கிலேயே பொறித்திருக்கும் எண்தான் நம்பத்தக்கது. ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு முறை பாடிப் பதிவு செய்திருந்தால் அந்த எண்ணை வைத்தே பிரித்தறியலாம். இவ்வகை எண்களையும் கம்பெனிகளின் விலைப்பட்டியல்களையும் வைத்து இந்தியத் தட்டுகளின் வரலாற்றைத் தொகுத்தவர் மைக்கேல் கின்னியர். கிராமபோன் கம்பெனியின் தொடக்க கால இந்தியப் பதிவுகளைப் பற்றிய அவருடைய நூல் 1994இல் வெளிவந்தது. ஓலைச்சுவடிகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தவர்களின் உழைப்புக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

எண்ணுக்கு அடுத்தது வேகம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு என்று நாம் சொல்கிறோமே தவிர, கொம்புக் காலத்தில் எல்லாத் தட்டுகளும் நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவாகவில்லை. சில அதற்குக் கீழே, சில அதற்கு மேலே. 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் என்ன ஆகும்? சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நொடி முன்னதாக முடியும். காலப்பிரமாணம் விரைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கமகம் மாறிவிடும்: நிதானமாக அசைந்த காந்தாரம் நடுங்குவதுபோல் கேட்கும். பிருகாக்களுக்கு இல்லாத துரிதம் வந்து சேரும்.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. ஹார்மோனியம் சுருதியாக ஒலிக்கும் தட்டு என்றால் அது ஏதாவது ஒரு கட்டையில்தான் நின்றிருக்க வேண்டும். நாம் கேட்கும் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்தால் வேகம் தவறு என்று ஐயப்படலாம். ஒரே பாடகரின் பல தட்டுகளைச் சேர்த்துவைத்து அவர் வழக்கமாகப் பாடிய சுருதியைக் கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு தட்டை வைத்திருப்பவர் இதைச் செய்யமுடியாது. சேகரிப்பு ஆராய்ச்சியாக மாறும் இடம் இதுதான்.

'அந்தக் காலத்தில் எல்லாரும் வேகமாகப் பாடினார்கள்' என்று தட்டுகளை மட்டும் கேட்டவர்கள் உறுதியாகச் சொல்வதுண்டு. மூன்று நிமிட நெருக்கடி ஒரு பங்கு, தவறான சுழற்சி ஒரு பங்கு. இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே அவர்களின் உண்மையான வேகம். சௌக்க காலப் பாட்டு மூன்று நிமிடத் தட்டில் அடங்காது. அடங்காததால் அது பதிவாகவில்லை. பதிவாகாததால் அது இருந்ததே இல்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

மேலைநாட்டில் 1925இலும் சற்றுப் பின்னர் இந்தியாவிலும் மின்சாரப் பதிவு வந்தது. ஒலிவாங்கியின் முன்னால் கத்த வேண்டியதில்லை. 1930களில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட வீணை தனம்மாளின் தட்டுகள் இந்த மாற்றத்தால்தான் சாத்தியமாயின என்று சொல்லலாம். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில், மூச்சுவிடும் ஓசைகூட இடையூறு என்று எண்ணிய ஒரு சிறு கூட்டத்தின் முன் ஒலித்த வீணை அது. கொம்புக்கு எட்டாத அந்த நாதத்தை ஒலிவாங்கி ஓரளவு பிடித்துவைத்தது. தந்தியை மீட்டிய பின் அந்த ஒலி தேய்ந்து மறையும்வரை அவர் காத்திருக்கும் இடங்களைக் கேட்டால், மூன்று நிமிடக் கட்டாயம் எல்லாரையும் ஒரேபோல விரட்டவில்லை என்பது விளங்கும். சிலர் நேரத்துக்கு ஏற்பச் சுருக்கினார்கள். தனம்மாள் சுருக்கவில்லை, மூன்று நிமிடத்துக்குள் எவ்வளவு வருமோ அவ்வளவை மட்டும் தந்தார்.

தட்டு இசையைப் பாதுகாத்தது மட்டுமல்ல, மாற்றவும் செய்தது. தியாகராஜரின் 'நகுமோமு' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஆபேரி இருபதாவது மேளத்தைச் சேர்ந்தது, அதாவது சுத்த தைவதம் உடையது. இன்று நாம் கேட்கும் ஆபேரியில் ஒலிப்பது சதுச்ருதி தைவதம். இந்த மாற்றத்தை நிலைநாட்டியதில் முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு' தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று இசையறிஞர்கள் சொல்கிறார்கள். அச்சில் கிடந்த லட்சணத்தைவிட வீடுதோறும் ஒலித்த தட்டு வலிமையாக இருந்தது. முசிரியின் குரலில் இருந்த உருக்கத்தின் முன்னால் இலக்கண விவாதம் எடுபடவில்லை. இது சரியா தவறா என்பது நம் கேள்வியல்ல. ஆயிரக்கணக்கில் அச்சான ஒரே ஒரு பாடாந்தரம் மற்ற பாடாந்தரங்களை மறக்கச் செய்யும் என்பதை இங்கே காண்கிறோம்.

1950களில் ஒலிநாடா பரவியது. வானொலி நிலையங்களும் சில தனி ரசிகர்களும் முழுக் கச்சேரிகளையும் பதியத் தொடங்கினார்கள். மூன்று நிமிடம் மூன்று மணி நேரமாக விரிந்தது. ஆனால் இங்கும் ஒரு விதி குறுக்கிட்டது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிறந்தது 1890இல். ஒலிநாடாவில் கிடைக்கும் அவருடைய கச்சேரிகள் அறுபது வயதைத் தாண்டியவை. ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் மின்னல் சாரீரம் முப்பதுகள், நாற்பதுகளின் தட்டுகளில் இருக்கிறது. அவருடைய விரிவான ராகம் தானம் பல்லவிகள் சாரீரம் தளர்ந்த காலத்து ஒலிநாடாக்களில் இருக்கின்றன. தட்டில் இளமை உண்டு, விரிவு இல்லை. ஒலிநாடாவில் விரிவு உண்டு, இளமை இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பவனே ஜி.என்.பி.யை முழுமையாகக் கற்பனை செய்துகொள்ள முடியும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா?' என்று கேட்கும் இளைஞர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் கிடைத்தது பாதிச் சாட்சியம்.

ஒப்பிடுதல் என்றாலே யார் பெரியவர் என்ற கட்சி கட்டுதல் என்று ஆகிவிட்டது. அது ரசிகர்களின் பழைய விளையாட்டு. அதில் ஒரு சுவை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இங்கே சொல்லும் ஒப்பீடு வேறு. தனம்மாளின் தட்டைக் கேட்டுவிட்டுப் பேத்திகள் பிருந்தா, முக்தா பாடிய பதங்களைக் கேட்டால், விரலில் இருந்தது குரலுக்கு எப்படி வந்தது என்பது தெரிகிறது. எது குடும்பச் சொத்து, எது தனி மனிதரின் கற்பனை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. 'மாறாத பாரம்பரியம்' என்று நாம் மேடையில் பேசும் சொற்றொடர் அந்தக் கணத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அது நல்லதே. மரபு என்பது மாறாதிருப்பதல்ல, எதை மாற்றலாம் எதை மாற்றக்கூடாது என்று ஒவ்வொரு தலைமுறையும் எடுத்த முடிவுகளின் தொகை. அந்த முடிவுகளைக் காதால் கேட்க வைப்பவை இந்தத் தட்டுகள்.

இன்று பெரும்பாலான பழம் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகளோடு முடிகிறது என்பதால், இவற்றுள் மிகப் பலவும் இப்போது பொதுச்சொத்து. இது பெரும் வரம். ஆனால் வரத்தோடு ஒரு சாபமும் வந்திருக்கிறது. இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளில் வடிகட்டும்போது வயலினின் மேல்நாதமும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் சேர்ந்தே போய்விடுகின்றன. எந்தத் தட்டு, என்ன எண், எந்த வேகத்தில் ஓட்டியது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. சுருதி தவறி ஓடிய ஒரு பிரதியே நூறு இடங்களில் நகலாகிறது. ஏட்டில் பிழை எழுதியவனுக்காவது கைவலி இருந்தது. நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அதுவும் இல்லை.

வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துத் தட்டுகள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள் என்பது முதல் வேண்டுகோள். அவை உடையும், ஆனால் எளிதில் மக்காது. இணையத்தில் ஏற்றுகிறவர்கள் அரக்கில் பொறித்த எண்ணையும், சீட்டின் படத்தையும், வடிகட்டாத மூலப் பிரதியையும் சேர்த்துத் தரவேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, கேட்கிற நமக்கு: ஒரு பதிவைக் கேட்டு முடிவுக்கு வரும் முன்னால் இன்னொன்றையும் கேட்போம். இந்தச் சாட்சிகள் எல்லாரும் இறந்துபோனவர்கள். நாம் சரியாகக் கேட்டால் மட்டுமே அவர்கள் சொல்ல வந்தது சபையேறும்.