விரிசலை முதலில் கண்டவர்கள்

மீஞ்சூரில் கூடியிருக்கும் நமக்குத் திருவொற்றியூர் வேற்றூர் அல்ல. ஒரே ரயில் தடம். அங்கே அரிவாக்குளத்தில், குடிசை மாற்று வாரியம் கட்டிய 24 வீடுகள் 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தன. கட்டி முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனாலும் ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைக் கண்டு, ஓசையைக் கேட்டு, மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள்.

மதுரையில் அப்படி நடக்கவில்லை. 2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன வீரர்கள் மீது பழைய கட்டடம் சரிந்தது, இருவர் மாண்டனர். தீயில் மர உத்திரம் கருகும், இரும்பு தளரும். பீய்ச்சிய தண்ணீர் துணியில் ஊறித் தளத்துக்குப் பாரமாகும். அதனால்தான் கட்டட உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்கிறது தீயணைப்புப் பாடம். இடிப்பதானாலும் மேலிருந்து கீழாகவே இடிக்க வேண்டும்.

இந்தப் பாடம் கடப்பாரை பிடிக்கும் தினக்கூலிக்குச் சொல்லப்படுகிறதா? குடிசையை அகற்றி அடுக்குவீடு தந்த வரலாற்றை அரசு எழுதிவைத்திருக்கிறது. விரிசலை முதலில் கண்டவர்களின் வரலாற்றை நாம் எழுத வேண்டும். குடியிருப்பவர் விரிசலைச் சொன்ன அன்றே பொறியாளர் வந்து பார்த்து, எழுத்தில் பதில் தரவேண்டும். நம் கோரிக்கை இதுவே.