பாண்டியன் குதிரைக்குப் போட்ட சோறு

ஒரு மார்கழியில் மேல்பட்டாம்பாக்கம் போகும் வழியில் ஐயனார் கோயில் மண் குதிரைகளைப் பார்த்தேன். விலா எலும்பு தெரியாத, கொழுத்த குதிரைகள். தீனி தின்னாத குதிரைதான் இந்தச் சீமையில் இளைக்காது போலும்!

தின்ற குதிரைகளின் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த வெனிஸ் பிரயாணி மார்க்கோ போலோ அதைச் சொல்கிறார். ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கும். அரசர் ஒருவரே வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வாங்குவார். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது. சோற்றோடு மாமிசத்தைச் சமைத்துப் போட்டார்களாம்! குதிரை வைத்தியர்களை வர்த்தகர்கள் இங்கே வரவே விடவில்லை. செத்தால்தானே அடுத்த வியாபாரம்?

பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் தீனி இன்னும் விசேஷம்: வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டி வைத்து, பிறகு பழக்காமலே ஏறி விரட்டுவார்களாம். தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம்தான். மாப்பிள்ளைக்காவது ஊர் திரும்ப ரயில் உண்டு. (இரண்டும் வெளியார் சாட்சி, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.)

கஞ்சத்தனம் இதில் இல்லை. ஆனால், புல்லை நாளெல்லாம் சிறிது சிறிதாக மென்று, நடந்து செரிக்கிற வயிறு அது. நம் புன்செய்க் கொள்ளைக்கூட அளவோடுதான் வைக்க வேண்டும். மாவுப் பண்டம் ஒரேயடியாக விழுந்தால் குடலில் புளித்து, வயிற்று நோவும் குளம்பு நோவும் வரும்.

குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தீனார்; கடலில் செத்ததற்கும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் கோயில் சொத்து வருமானத்திலிருந்து போயிற்று என்கிறார் வஸ்ஸாஃப். மாணிக்கவாசகர் கதையில் குதிரைப் பணம் கோயிலுக்குப் போயிற்று. இங்கே கோயில் பணம் குதிரைக்குப் போயிருக்கிறது.