பிறவி மச்சமா, பட்ட தழும்பா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கொட்டாவி விட்ட மாதிரி இங்கேயும் விட்டுக்கொள்ளுங்கள், பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள்.

போன வாரம் ஊரப்பாக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கல்லாவில் வந்து விழுந்த ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் பிறை நிலா மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறதாம். அதைப் படம் எடுத்து எங்கோ போட்டிருக்கிறான். "இது மின்ட் எரர், மூன்று லட்சம் தருகிறோம்" என்று யாரோ பதில் அனுப்பி, முதலில் பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், கட்டிடட்டுமா?" என்றான். காசோடு நேரில் வா, அதுவரை பணம் கட்டாதே என்றேன். மறுநாள் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். குறையுள்ள காசைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை அச்சு விழுவதற்கு முன்னாலோ விழும்போதோ வந்ததா, விழுந்த பிறகு வந்ததா? முன்னால் வந்தது நாணயச்சாலையின் பிழை. பின்னால் வந்தது வெறும் சேதம். எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவதுதானே வரலாற்றுப் பாடம்!

சப்பாத்தி மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டுவோம் இல்லையா? டம்ளரை ஏற்கெனவே வெட்டின ஓட்டைக்கு மேல் தப்பித் தவறி வைத்துவிட்டால் வட்டம் முழுசாக வராது, ஒரு பக்கம் பிறைபோலக் குறையும். நாணயச்சாலையிலும் அப்படியே. உலோகத் தகடு போதுமான அளவு நகராவிட்டால் வெற்று வில்லை ஓரம் குறைந்து விழும். அடுத்து அந்த வில்லையை இருபக்கமும் நெருக்கி விளிம்பை உயர்த்துவார்கள். குறைந்த இடத்தில் நெருக்கப் பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் சரியாக எழும்பாது. அதற்குப் பிறகுதான் அச்சு விழும். அப்போது வெட்டின் பக்கத்தில் இருக்கும் எழுத்து அந்தக் காலி இடத்தை நோக்கி லேசாக இழுபடும், மங்கும்.

அவன் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வெட்டுக்கு எதிரே இருந்த விளிம்பு கம்பீரமாக நின்றது. 'இந்தியா' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து கத்தியால் நறுக்கின மாதிரி பாதியில் நின்றது. வெட்டின் உள்பக்கத்தில் அரம் தேய்த்த கோடுகள். யாரோ எதற்கோ அறுத்த காசு, அவ்வளவுதான். 2,500 ரூபாய் மிஞ்சியது. முகம்தான் கொஞ்சம் வாடிப்போனது, பாவம்.

எடை போட்டால் தெரியாதா என்று மருமகப்பிள்ளை கேட்டார். சில சமயம் தெரியும், சில சமயம் காலை வாரிவிடும். ஓரம் குறைந்த காசு பிழையானாலும் எடை குறையும், அறுத்தாலும் குறையும். மையம் தப்பி அச்சு விழுந்த காசில் உலோகம் எங்கேயும் போகவில்லை, ஆகவே எடை முழுசாக இருக்கும். அதைப்போலக் காட்ட ஒரு பக்கத்தைத் தேய்த்து எடுத்தால் எடை இறங்கும். அங்கே நகைக்கடைத் தராசு உதவும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்தில் வைத்து நசுக்கும் காசு இருக்கிறதே, அதன் எடையும் குறையாது. அச்சைச் சுற்றி இருக்கும் வளையம் இல்லாமல் அடிபட்டுப் பரந்துபோன நிஜப் பிழைக் காசிலும் எடை அதேதான். அங்கே எழுத்தைப் பாருங்கள். நாணயச்சாலையில் பரந்த காசில் சிங்கமும் எண்ணும் தெளிவாக நிற்கும். ரயில் ஏறினதில் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டு, வழித்துவிட்ட மாதிரி இருக்கும்.

இன்னொரு வித்தை, பத்து ரூபாய் நாணயத்தின் நடு வில்லையைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டு விற்பது. வெளிவளையத்தில் பூப்பக்கம், நடுவில் தலைப்பக்கம். பார்க்க அதிசயம்தான்! ஆனால் வளையமும் வில்லையும் ஒன்றாக அச்சுக்குள் போய் ஒரே அடியில் பதிகின்றன. பதிந்த பிறகு திரும்பியிருந்தால் அது வெளியே நடந்த வேலை. இதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

வருடத்துக்குக் கீழே புள்ளி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, இது பிழையா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இல்லை கண்ணுகளா. புள்ளி நொய்டா, நட்சத்திரம் ஹைதராபாத், வைரக்கட்டம் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. ஓட்டை இருந்தாலும் பிழை என்று நினைக்காதீர்கள். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவில் அந்த ஓட்டை வேண்டுமென்றே வைத்தது. யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. மேலே கிரீடமும் சுற்றிலும் இலைகளும் ஓட்டைக்கு இடம் விட்டே வரையப்பட்டிருக்கும். அரைஞாணில் கோக்க வீட்டில் துளைத்த காசிலோ ஓட்டை உருவத்தின் மேலேயே விழுந்திருக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும்.

பழைய காசு என்றால் இந்த அளவுகோலையே மாற்ற வேண்டும். ராஜராஜன் காசு கையால் சுத்தியல் கொண்டு அடித்தது. அதில் மையம் தப்பியவை ஏராளம், அதைப் பிழை என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

சேதம் என்றதும் குப்பை என்று நினைத்துவிடவும் கூடாது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு! அச்சுப்பிழையாக இருக்க வழியே இல்லை. பல பேரரசர்கள், பல வருடங்கள், பல அச்சுகள், வெட்டு மட்டும் ஒரே மாதிரி. ஆகவே இது எல்லாக் காசும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்த வேலை. ஏன் வெட்டினார்கள்? தேய்ந்த காசு மறுபடி புழக்கத்துக்குப் போகாமல் இருக்க என்கிறார்கள் ஒரு சாரார். அயலரசன் முகத்தைச் செல்லாததாக்க என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு முதல் கருத்துதான் பொருந்துவதாகப் படுகிறது. பொன்னை எடைக்கு வாங்குகிறவனுக்கு முகத்தோடு என்ன பகை? எப்படியானாலும், ரோமில் அச்சடித்தவன் சொல்லாத செய்தியை நம் மண்ணில் விழுந்த அந்த வெட்டுதான் சொல்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். 2011ஆம் வருட நாணயச் சட்டப்படி சிதைக்கப்பட்ட காசு செல்லுபடியாகாது, நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஆகவே வீட்டில் பிழை 'தயாரிக்க' வேண்டாம். பழைய காசு, பழைய நோட்டு வாங்க விற்க என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதே வங்கி 2018 ஜனவரியில் பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று சொன்னது. நம் ஷேர் ஆட்டோக்காரர்கள் காதில் மட்டும் அது இன்னும் விழவில்லை!

நிஜமான பிழைக் காசு இல்லாமலில்லை. அண்ணி பேத்தியிடம் மையம் தப்பிய ஐந்து ரூபாய் ஒன்று இருக்கிறது, எடையும் சரி, வெற்றிடமும் தேய்க்காத பழைய வில்லைப் பரப்பு. சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள், லட்சத்துக்கு அல்ல. யாரிடமாவது இப்படி இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். இரண்டு முகம் மட்டும் போதாது, விளிம்பைச் சுற்றி நான்கு படமாவது வேண்டும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காமல் அனுப்புங்கள்.