சோழவரத்துக் காரு எங்க மாப்ள?

செமஸ்டர் லீவுக்குக் கொடைக்கானல் வந்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி எதிர் வீடு மறைந்துவிடுகிறது. வெளியே போக வழியில்லை. சரி, ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பொம்மைக் கார் சேர்க்கும் பழக்கம் உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். "இன்னும் எல்கேஜி முடிக்கலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாக் காரும் சேர்ப்பதில்லை. 1950 முதல் 1970களின் நடுப்பகுதி வரை பந்தயத்தில் ஓடிய கார்களின் சின்ன மாடல்கள் மட்டும்தான். இப்போது அலமாரியில் 41 இருக்கின்றன.

போன லீவில் என் தாய்மாமா வந்திருந்தார். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் கரும்பச்சை நிறத்தில், மூக்கு நீண்ட, ஒற்றை ஆள் உட்காரும் ஒரு பந்தயக் கார். பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. ரப்பர் டயர் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் திருப்பிப் பார்த்தேன். டிங்கி டாய்ஸ், வான்வால்! எனக்குப் பேச்சே வரவில்லை. பல வருடம் முன்பு இங்கே ஒரு பங்களாவைக் காலி செய்துகொண்டு போன குடும்பத்திடம் வாங்கியதாம்.

அலமாரியை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் கேட்டார்: "எல்லாம் சரி மாப்ள... சோழவரத்துல ஓடுன காரு எங்க?"

பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் வான்வால்

அந்தப் பச்சைக் காரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டோனி வாண்டர்வெல் என்று ஒரு தொழிலதிபர். எஞ்சினுக்கான பேரிங் தயாரித்தவர். அவருடைய பேரிங்கின் பெயர் தின்வால். வாண்டர்வெல்லையும் தின்வாலையும் ஒட்டினால் வான்வால். 1957 ஜூலையில் லிவர்பூல் பக்கத்து எயின்ட்ரீயில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயை ஸ்டிர்லிங் மாஸும் டோனி புரூக்ஸும் ஒரே வான்வாலை மாற்றி மாற்றி ஓட்டி ஜெயித்தார்கள். அடுத்த வருடம், 1958ல், பார்முலா ஒன்னில் தயாரிப்பாளர்களுக்கான சாம்பியன் பட்டம் முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியதும் வான்வால்தான்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், டிங்கி டாய்ஸ் தயாரித்த மெக்கானோ கம்பெனியின் தொழிற்சாலையும் அதே லிவர்பூலில், பின்ஸ் ரோட்டில் இருந்தது. உள்ளூரில் ஜெயித்த கார் 1958லேயே உள்ளூர்த் தொழிற்சாலையில் பொம்மையாகிவிட்டது. பந்தயம் பார்த்துவிட்டு வந்த பையன் அடுத்த வருடம் அதைக் கடையில் வாங்கியிருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மாடல் சேர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் 1:43 என்ற விநோத அளவுக்கும் இந்தக் கம்பெனிதான் காரணம். மெக்கானோவின் முதலாளி பிராங்க் ஹார்ன்பி ஏற்கெனவே பொம்மை ரயில் விற்றுக்கொண்டிருந்தார். அந்த 'ஓ' கேஜ் ரயிலில் நிஜத்தின் ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஒரு அடி 304.8 மி.மீ. அதை 7ஆல் வகுத்துப் பாருங்கள், 43.5 வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக 1930களில் செய்த குட்டிக் கார்களுக்கு 1934ல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. நான்கு மீட்டர் நீளக் கார் இந்த அளவில் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையில் உட்காரும்.

நம்மில் பலர் விளையாடிய சின்ன சைஸ் கார் வேறு கதை. இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்கு மட்டும்தான் அனுமதியாம். அப்பா தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தார். 1953ல் மேட்ச்பாக்ஸ் கார்கள் கடைக்கு வந்தன. 1968ல் அமெரிக்காவின் மேட்டல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸை ஆரம்பித்தது. 1969லேயே பந்தயக் கார்களுக்கென்று தனி வரிசை. பிராபம், மெக்லாரன், சாப்பரல் எல்லாம் அதில் உண்டு.

நிறத்தில் இருக்கிறது சரித்திரம்

ஏன் அந்தக் காலத்துக் கார்கள் மட்டும் என்று கேட்பீர்கள். ஒரு காரணம் நிறம். அப்போது பந்தயக் காரின் நிறம் நாட்டைச் சொல்லும். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை, ஜெர்மனிக்கு வெள்ளி. 1968ல் பார்முலா ஒன்னில் விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்தது. லோட்டஸ் கம்பெனி பச்சையை அழித்துவிட்டு, கோல்டு லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தை அடித்துக்கொண்டது. நாட்டின் கொடி போய்ச் சிகரெட் பாக்கெட் வந்த வருடம் அது. என் அலமாரியில் 1967 தட்டையும் 1969 தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் சொல்லாமலே புரியும்.

இன்னொரு கூத்தும் உண்டு. புகையிலை விளம்பரத்துக்குப் பல நாடுகளில் தடை வந்துவிட்டதால், அதே கார்களின் இப்போதைய மாடல்கள் பலவற்றில் சிகரெட் பெயர் இருக்காது. அந்த இடம் காலியாக இருக்கும். சில சேகரிப்பாளர்கள் தனியாக ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். சிகரெட்டுக்கு விளம்பரம் செய்யும் ஆசையில் அல்ல. இருந்ததை இருந்தபடி வைக்க வேண்டும் என்று. பொம்மைக்குக்கூடத் தணிக்கை உண்டு பாருங்கள்!

மலைக்கு எப்படி வந்தது?

எங்கள் ஊருக்கு அந்த வான்வால் எப்படி ஏறி வந்திருக்கும் என்று யோசித்தேன். கொடைக்கானலில் 1845ல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது அமெரிக்க மிஷனரிகள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901ல் இங்கே ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் மலை ஏற வேண்டும். வத்தலக்குண்டு வழியாக மோட்டார் ஏறும் பாதை 1910களில்தான் தயாரானது. வெளிநாட்டுக் குடும்பங்கள் கோடைக்கு வருவதும், திரும்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போவதும் ஊரில் பழகிய விஷயம். அப்படி ஏதோ ஒரு பையனின் பெட்டியில் வந்திருக்க வேண்டும் என்பது என் யூகம்.

இல்லாவிட்டால் அப்போது இந்தியாவில் இந்தச் சாமான் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டுப் பொம்மையை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. 1960களின் கடைசியில் கல்கத்தாவின் எஸ். குமார் அண்ட் கோ, டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி இங்கேயே கார் வார்த்தது. பெயர் என்ன தெரியுமா? நிக்கி டாய்ஸ்! டிங்கி, நிக்கி... கேட்கவே ஒரே மாதிரி இருக்கிறதல்லவா. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற அச்சு இங்கே மறுபடி வேலைக்குச் சேர்ந்தது. அன்றைக்கு மலிவுச் சரக்காக விற்ற அந்த நிக்கி கார்களை இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பின்னால் லியோ மேட்டல் என்ற பெயரில் ஹாட் வீல்ஸும் இந்தியாவில் தயாரானது.

2001ல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் கடைகளில் எல்லாம் வந்தது. 2020ல் பொம்மை மீதான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது, 2023ல் 70 ஆனது. நல்ல 1:43 மாடல் இப்போது என் மெஸ் பில்லோடு போட்டி போடுகிறது. மெஸ் பில்தான் தோற்கிறது.

சோழவரம்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமானத்துக்காகப் போட்ட ஓடுபாதை சண்டை முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. அந்த ஓடுபாதைதான் தென்னிந்தியாவின் ரேஸ் டிராக் ஆனது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்கு முறையான டிராக் திறக்கும்வரை சோழவரம்தான் எல்லாம்.

மாமா அப்போது அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வருடா வருடம் பட்டறையே கிளம்பிப் போகுமாம். "ஓரத்துல நின்னா மண்ணு மூஞ்சில அடிக்கும் மாப்ள. எண்ணெய் வாடை சட்டையில ரெண்டு நாளைக்குப் போகாது" என்பார். சொல்லும்போது அந்த வாடையை இப்போதும் இழுப்பது போல மூக்கைச் சுளிப்பார்.

அங்கே என்ன ஓடியது? பெரிய பணக்காரர்கள் வெளிநாட்டுக் கார் கொண்டுவந்தார்கள். விஜய் மல்லையா 1980களின் தொடக்கத்தில் என்சைன் என்ற பார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டியிருக்கிறார். மற்றவர்களுக்கு அம்பாசடர், பியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூரையைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைக் குடைந்து, பட்டறையில் கையால் தகரம் தட்டி உருவாக்கிய வண்டிகள். ரோட்டில் நாம் பார்த்த அதே கார்தான், ஆனால் பார்த்தால் அடையாளம் தெரியாது.

கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் இதை அடுத்த படிக்கு எடுத்துப்போனார். லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் குடும்பத்துப் பிள்ளை. தானே ஓட்டியவர், தானே பந்தயக் கார் வடிவமைத்தவர். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் செய்த ஒற்றை இருக்கைக் கார்களில்தான் 1988ல் பார்முலா மாருதி பந்தயம் ஆரம்பித்தது. நடுத்தரமான செலவில் ஓட்டக் கற்றுக்கொள்ள முதல்முறையாக வழி கிடைத்தது. 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

1993ல் பார்முலா மாருதியில் ஓட்ட ஆரம்பித்த ஒரு பையன் 2005ல் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன்னுக்குப் போனான். நரேன் கார்த்திகேயன். அந்த ஜோர்டானை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் 1:43 அளவில் செய்திருக்கிறது. என் அலமாரியில் அதுதான் ராஜா. ஆனால் அவர் ஆரம்பித்த பார்முலா மாருதி? நானும் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்த கார் இருக்கிறது, புறப்பட்ட கார் இல்லை.

எயின்ட்ரீயில் ஜெயித்த கார் ஒரே வருடத்தில் பொம்மையானது. சோழவரத்தில் ஜெயித்த எந்தக் காரும் பொம்மையாகி நான் பார்த்ததில்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அச்சு செய்ய நிறைய பணம் வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். பட்டறையில் ஒன்றே ஒன்றாகப் பிறந்து, அடுத்த வருடம் பிரித்து வேறு வண்டிக்குப் பாகமாகிப் போன காருக்கு யார் அச்சு செய்வார்கள்?

சரி, நாமே செய்வோம்

ரோஷம் வந்துவிட்டது. மாமாவுக்குப் பிடித்த ஒரு காரை நானே செய்வதென்று முடிவெடுத்தேன். பியட் எஞ்சின் போட்டுத் தாழ்வாகக் கட்டிய ஒரு ஸ்பெஷல். மலிவான பொம்மைக் காரின் அடிப்பாகமும் சக்கரமும், மேலே பால்சா மரம், இடுக்கு அடைக்க எம்-சீல். மாமா சொல்லச் சொல்ல உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். "மூக்கு இன்னும் இறங்கணும்", "பின்னாடி இவ்ளோ தூக்காது"... மூன்று நாளில் உருவம் வந்துவிட்டது.

பெயின்டில்தான் மாட்டிக்கொண்டேன். மாமா ஆரஞ்சு என்றார். உறுதிக்காகப் பட்டறைக் கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர் சிவப்பு என்று சத்தியம் செய்கிறார். அரை மணி நேரம் சண்டை. அவரிடம் ஒரு போட்டோ இருந்தது, அதில் பார்த்தால் கருப்பு வெள்ளை! இன்னொரு கூட்டாளி வீட்டில் கலர் ஆல்பமே இருந்ததாம். அவர் காலமானபின் வீடு மாற்றும்போது அது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புத்தகத்தில் யார் ஜெயித்தார்கள், எந்த வருடம் என்று எழுதுவார்கள். மாடல் செய்ய அது போதாது. என்ன நிறம், நம்பர் எந்தப் பக்கம், கண்ணாடி எவ்வளவு உயரம் என்று எல்லாம் தெரிய வேண்டும். பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இவை. பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

பழைய டைகாஸ்ட் மாடல்களுக்கு ஒரு நோய் உண்டு. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும். வருடங்கள் போகப்போக உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும். ஈரம் பட்டால் இன்னும் வேகம். போருக்கு முந்தைய டிங்கிகள் பல இப்படித்தான் பொடியாகின. எங்கள் ஊர் மூடுபனிக்குப் பயந்து அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாபகத்துக்கு அப்படி எந்தப் பொட்டலமும் கிடைக்காதே.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ மாமாவோ சோழவரம் போனவராக இருந்தால் இந்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போட்டோ இருந்தால் ஸ்கேன் பண்ணுங்கள். பின்பக்கம் வருடம், கார், முக்கியமாக நிறம், பென்சிலால் எழுதி வையுங்கள்.

என் கார் இப்போது வான்வாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சாம்பல் நிற பிரைமர் மட்டும் அடித்திருக்கிறேன். நிறம் தெரிந்த மூன்றாவது ஆள் கிடைக்கும்வரை அது அப்படியே நிற்கும். மாமா வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சுதான் மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைக்கிறார்.