இரத்தத்தில் தேடிய ஆண்மை

போன மாதம் நண்பன் ஒருத்தன் லேப் ரிப்போர்ட் ஒன்றைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே ஒரே ஒரு வரி: "மச்சான், இது குறைவா? ஊசி தொடங்கட்டா?"

ரிப்போர்ட்டில் இருந்ததும் ஒரே ஒரு எண்தான். டெஸ்டோஸ்டிரோன், 262. பக்கத்தில் 'குறைவு' என்று ஓர் அடையாளம். அவனுக்கு 31 வயது. கல்லடியில் பிறந்து வளர்ந்தவன். நம்மட பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனான், வாவிக்கு அங்கால, படுவான்கரைக்கு. இரண்டு வருசமாகப் பிள்ளை இல்லை. எந்நேரமும் சோர்வு, ஒன்றிலும் மனம் போகுதில்லை. ஜிம்மில் தெரிந்த ஒருவர் "டெஸ்ட் பண்ணிப் பார், குறைவா இருந்தா ஊசி எடுத்துத் தாறன்" என்றிருக்கிறார். ஊசி போட்டால் சோர்வும் போகும், பிள்ளையும் கிடைக்கும் என்பது அவன் நம்பிக்கை.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் அந்த 262 எங்கிருந்து வந்தது, யார் அதைக் 'குறைவு' என்று முடிவு செய்தது என்று தேடி வாசித்தேன். வாசித்ததில் பாதி மருத்துவம், பாதி வரலாறு. அவன்ட சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இரத்தம் முறிந்து விந்தாகும்

ஆண்மை இரத்தத்தில்தான் இருக்கிறது என்பது லேப் வருவதற்கு முந்தியே நம்மட சனத்துக்குத் தெரிந்த 'உண்மை'. சித்த வைத்தியம் உடலில் ஏழு தாதுக்கள் என்று சொல்லும். உண்ட உணவு சாரமாகும், சாரம் செந்நீராகும், பிறகு ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று போய்க் கடைசியில் சுக்கிலமாகும். ஆயுர்வேதத்திலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். பல துளி இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்று பெரியவர்கள் சொல்லுவதும் இதிலிருந்து வந்ததே. அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தவர். மட்டக்களப்புப் பிரதேசத் தமிழர்களும் முஸ்லிம்களும் உணவு, இரத்தம், விந்து, கருவளம் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று 1982இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

இந்தக் கணக்கில் ஒரு பயமும் ஒளிந்திருக்கிறது. விந்து போனால் இரத்தம் போச்சு, இரத்தம் போனால் பலம் போச்சு. சோர்வு, மெலிவு, கவலை எல்லாவற்றுக்கும் காரணம் 'தாது நட்டம்' என்று நம்பி வரும் இளைஞர்களைப் பார்த்து இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லேகிய விளம்பரங்கள் இன்றைக்கும் அந்தப் பயத்தில்தான் பிழைக்கின்றன. இப்போது அதே பயத்துக்கு ஓர் எண்ணும் ஓர் அலகும் கிடைத்திருக்கிறது.

சேவலின் கொண்டை

விதையை எடுத்தால் விலங்கு மாறிப்போகும் என்பது மாடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். நலமடித்த காளை அடங்கி ஏர் இழுக்கும். ஏன் அப்படி என்பதை முதலில் காட்டியவர் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரத்தில் இருந்த ஆர்னோல்ட் பேர்தோல்ட். 1849இல் அவர் சேவல்களின் விதைகளை அகற்றினார். அகற்றிய சேவல்களின் கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் நின்றன. சிலவற்றுக்கு ஒரு விதையை வயிற்றுக்குள் திருப்பி வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலே அவை முழுச் சேவல்களாக வளர்ந்தன. விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்பது அதில் தெளிவானது. ஆனால் அந்தக் கட்டுரையைப் பல பத்தாண்டுகள் ஒருவரும் கவனிக்கவில்லை.

எல்லாரும் கவனித்தது வேறொருவரை. மொரீசியசில் பிறந்த சார்ள்ஸ் பிரவுண்-செக்கார் பெயர் பெற்ற உடற்றொழிலியலாளர். 1889இல், தன்னுடைய 72ஆவது வயதில், நாயினதும் கினிப்பன்றியினதும் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரிசில் அறிவித்தார். படி ஏற முடிகிறது, மணிக்கணக்கில் வேலை செய்ய முடிகிறது என்றார். சில மாதங்களிலேயே அந்தச் சாறு பல நாடுகளில் விலைக்கு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் நன்றாகக் கரையாது. 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். பலன் தரும் அளவு ஓமோன் அதில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, நம்பிக்கை உடம்பில் வேலை செய்திருக்கிறது. சோர்வு என்பது நம்பிக்கையால் இவ்வளவு இலேசாக மாறக்கூடிய ஒன்று. ஊசி போட்ட ஒருவர் "எனக்குச் சரியாயிற்று" என்று சொன்னால், அது மருந்தின் வேலைதான் என்று உடனே எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

உண்மையான பொருளைப் பிரித்தெடுக்க இன்னும் 46 வருசம் ஆனது. 1935இல் அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லக்கூரின் குழு ஏறத்தாழ 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தது. அதே வருசம் அடோல்ஃப் பூட்டனான்ட்டும் லெயோபோல்ட் ருசிக்காவும் கொலஸ்ட்ரோலிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்தார்கள். 1939இல் இருவருக்கும் நொபெல் பரிசு. காளையும் விதையும் தேவையில்லை, தொழிற்சாலையே போதும் என்ற நிலை வந்தது.

மருந்து முந்தியது, அளவு பிந்தியது

மருந்து கடைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒருவரின் இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று இலகுவாக அளக்க வழியில்லை. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் சில நனோகிராம்தான், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு. முந்தி ஓமோனின் வலுவை அளக்க, விதை நீக்கிய சேவலுக்கு ஊசி போட்டு அதன் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தார்கள். நியூயோர்க்கில் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்க ஒரு கதிரியக்க முறையைக் கண்டுபிடித்தார்கள். யாலோவுக்கு 1977இல் நொபெல் கிடைத்தது, பேர்சன் அதற்கு முந்தியே இறந்துவிட்டார். அதே வழியில் டெஸ்டோஸ்டிரோனை அளப்பது 1970களில்தான் பரவியது.

ஆக, மருந்து வந்து 30 வருசத்துக்கு மேல் கழிந்துதான் 'குறைவு' என்பதற்கு எண் வந்தது. அந்த எண்ணும் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் 300 நனோகிராம்/டெசிலீற்றருக்குக் கீழே குறைவு என்றது. உடற்பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆண்களை வைத்து 2017இல் கணித்த எல்லை 264 முதல் 916 வரை. பிரித்தானியாவில் 8 நனோமோல்/லீற்றருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சிகிச்சை, 12க்கு மேலே என்றால் தேவையில்லை, இடையில் இருப்பது சந்தேக வலயம். நண்பனின் 262ஐ அந்த அலகுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 9.1. அமெரிக்காவில் 'குறைவு', பிரித்தானியாவில் 'பார்ப்பம்'. அதே இரத்தம்தான். (மாற்ற வேண்டுமென்றால், நனோமோலை 28.8ஆல் பெருக்கினால் டெசிலீற்றர்க் கணக்கு வரும். சில லேப்கள் மில்லிலீற்றருக்கு எழுதும், அங்கே 262 என்பது 2.62. அலகைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துப் பயப்படக்கூடாது.)

அந்தத் துண்டை எப்படி வாசிப்பது

நண்பனிடம் மூன்று கேள்வி கேட்டேன். எத்தனை மணிக்கு இரத்தம் கொடுத்தாய்? வேலை முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு. சாப்பிட்டிருந்தாயா? ஓம். அண்மையில் வருத்தம் ஏதும்? மூன்று கிழமைக்கு முந்தி டெங்கு.

மூன்று பதிலுமே அந்த எண்ணைக் கீழே இழுக்கக்கூடியவை. இளம் ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் விடியற்புறம் உச்சத்தில் இருந்து பின்னேரம் இறங்கும். சாப்பாடு குறைக்கும், காய்ச்சல் குறைக்கும், நித்திரை கெடுவதும் குறைக்கும். அதனால்தான் வைத்திய வழிகாட்டிகள் கிட்டத்தட்ட ஒரே விசயத்தைச் சொல்கின்றன. காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு சுகமாக இருக்கும்போது, வெவ்வேறு நாளில் குறைந்தது இரண்டு தரம். இரண்டும் குறைவு, அதோடு அறிகுறியும் இருக்கு என்றால்தான் குறைபாடு என்ற பேச்சு.

எந்த அறிகுறி என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், குறைந்த ஓமோனோடு ஒன்றாகச் சேர்ந்து வந்தவை மூன்று: பாலுறவு நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு, காலை விறைப்பு இல்லாமை. இந்த மூன்றும் குறைந்த ஓமோனும் சேர்ந்தே இருந்தவர்கள் ஏறக்குறைய 2 வீதம் மட்டுமே. வெறும் சோர்வுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தைரொய்ட், நீரிழிவு, இரத்தச்சோகை, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நிற்கும் நித்திரை.

எண் உண்மையிலேயே குறைவு என்றால் அடுத்த கேள்வி, எங்கே பிழை? மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஓமோன்களை அனுப்பி விதையை வேலை வாங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். கூடியிருந்தால், மேலே இருந்து சத்தம் போட்டும் விதை கேட்கவில்லை என்று அர்த்தம். கிளைன்ஃபெல்டர் போன்ற பிறவி நிலையோ, கூகைக்கட்டு வந்து விதை பழுதானதோ காரணமாக இருக்கலாம். எல்.எச். கூடாமல் இருந்தால் பிழை மேலே. கபச்சுரப்பியில் கட்டி, புரொலாக்டின் கூடுதல், உடற்பருமன், சில வலி மருந்துகள். இதையெல்லாம் பார்க்காமல் ஊசி போட்டால் அடியில் உள்ள நோய் மறைந்துபோகும்.

தலைகீழான கணக்கு

இனித்தான் நண்பனுக்கு நான் சொல்லப் பயந்த விசயம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை "போதும்" என்று நினைத்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்கு வேலை இல்லை. விந்தணு குறைந்துகொண்டே போய்ப் பலருக்கு இல்லாமலே போகும். உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதித்தது. 7 நாடுகளில் 271 ஆண்களுக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் ஊசி. 1990இல் முடிவு வெளிவந்தது. விந்தணு முற்றாக இல்லாமல் போன 157 பேர், வேறு கருத்தடை எதுவும் இல்லாமல், அடுத்த ஒரு வருச ஆய்வுக்குள் போனார்கள். அதில் கரு தங்கியது ஒருவரின் மனைவிக்கு மட்டும்.

பிள்ளை வேண்டும் என்று நண்பன் தேடிப்போனது ஒரு கருத்தடை ஊசியை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ஓமோன் எலும்பு மச்சையைத் தூண்டிச் செங்குழியங்களைப் பெருக்கும். இரத்தம் உண்மையாகவே கூடும், தடிக்கும். இரத்தம் கூடினால் விந்தும் கூடும் என்பது நம்மட பழைய கணக்கு. ஊசியில் நடப்பது நேரெதிர். இரத்தம் தடிக்கிறது, விந்தணு வற்றுகிறது.

அதனால் வைத்தியரின் கண்காணிப்பில் தொடங்குபவர்களுக்கும் ஆரம்ப மாதங்களின் பரிசோதனைகள் முக்கியம். தொடங்குமுன் ஒருதரம், பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள் ஓமோன் அளவும் ஹிமட்டோகிரிட்டும் பார்ப்பார்கள். ஹிமட்டோகிரிட் 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். வயதானவர்களுக்குப் புரஸ்டேட் பரிசோதனையும் சேரும். ஊசி போட்ட மறுநாள் எண் உச்சியில் இருக்கும், அடுத்த ஊசிக்கு முதல்நாள் அடியில் இருக்கும். எந்த நாளில் இரத்தம் எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்.எச். கிட்டத்தட்ட பூச்சியத்துக்கு வந்தால் அது புது நோய் இல்லை, சொந்தத் தொழிற்சாலை மூடியிருக்கு என்பதுதான். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பத் திறக்கும், ஆனால் மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும்.

இதனால் இந்த மருந்து கெட்டது என்று ஆகாது. விதை வேலை செய்யாதவருக்கு இது இன்சுலின் மாதிரி ஒரு தேவை. எலும்பையும் தசையையும் மனதையும் காக்கும். திருநம்பிகளுக்கு இது வேறொரு தேவை, அவர்களின் முடிவு 'குறைந்த எண்ணில்' தொடங்குவதே இல்லை. இதயநோய் ஆபத்துள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் போலிமருந்து எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. யாருக்கு, ஏன் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

நண்பன் ஊசி போடவில்லை. டெங்குச் சோர்வு தெளியட்டும் என்று ஒரு மாதம் விட்டு, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு போய், அதே லேப்பில் திரும்பக் கொடுத்தான். 418. எல்.எச். சாதாரணம். அப்படியென்றால் பிள்ளை இல்லாததற்குக் காரணம்? அது இன்னும் தெரியாது. விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்று இரண்டு வருசமாகக் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அலைந்தது மனைவி மட்டும்தான். இவன் ஒரு தரமும் தன்னைப் பரிசோதிக்கப் போகவில்லை. ஆண்மையைப் பற்றி இவ்வளவு பயப்படுகிற ஊரில், அந்த ஒரு பரிசோதனைக்குப் போகத்தான் வெட்கம்.

வாற கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்களாம்.