பொம்மைத் துப்பாக்கியை ஒட்டுதல்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே மைனஸ் 20 டிகிரி. மினசோட்டாவில் அது செய்தியே இல்லை. என் மகன் தன்னுடைய பொம்மைத் துப்பாக்கியை, அடிபட்ட பறவையைத் தூக்கி வருவதுபோல், இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். நுரைத் தோட்டா சுடும் வகை. ஸ்பிரிங்கைப் பின்னால் இழுக்கும் கைப்பிடி அடியோடு உடைந்து தனியாக இருந்தது.

"புதுசு வாங்கிக்கலாம்டா."

"இது தாத்தா வாங்கிக் குடுத்தது."

தாத்தா என்றால் என் அப்பா. 2 வருடத்துக்கு முன் இங்கே வந்திருந்தபோது கடையில் பேரனோடு அரைமணி நேரம் நின்று தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை. இனி இவ்வளவு தூரம் விமானத்தில் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே புதுசு வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியை ஒட்டத் தெரியாதா? டிராயரில் இருந்த சூப்பர் குளூவை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். ஊரில் ஃபெவிக்விக் என்போமே, அதே சரக்குதான். 3 தடவை சுட்டான், 4ஆவது தடவை இழுத்தபோது கைப்பிடி மறுபடியும் கையோடு வந்துவிட்டது. விடுவேனா? இந்தத் தடவை தாராளமாக ஊற்றினேன். தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தப் பசை இடுக்கு வழியாக உள்ளே ஓடி விசையையும் சேர்த்து இறுக்கிவிட்டது. மேற்புறமெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை. "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது.

அன்று இரவு உட்கார்ந்து இந்தப் பசையின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு துப்பாக்கி வந்தது, நிஜத் துப்பாக்கி.

1942. இரண்டாம் உலகப் போர். ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கிகளின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சயனோஅக்ரிலேட் என்ற சேர்மங்களைச் சோதித்தபோது, அவை தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டன. கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் வேண்டும் என்பவருக்கு இது பெரிய தொல்லை. உதவாது என்று ஒதுக்கிவைத்தார்கள்.

9 வருடம் கழித்து, 1951இல், டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட்டில் கூவரின் குழு ஜெட் விமான ஓட்டியின் தலைக்கு மேல் வரும் கூண்டுக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடியது. குழுவிலிருந்த ஃபிரெட் ஜாய்னர் இதே வகைச் சேர்மம் ஒன்றின் ஒளிவிலகலை அளக்க, கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவில் அதை மெல்லிசாகத் தடவினார். அளந்து முடித்துப் பிரிக்கப் பார்த்தால் வரவில்லை. விலை உயர்ந்த கருவி பாழ். நான் ஜாய்னரின் இடத்தில் இருந்திருந்தால் என்ன மின்னஞ்சல் எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நல்லவேளையாக கூவருக்கு 1942 ஞாபகம் வந்தது. தான் தூக்கிப் போட்டது கெட்டுப்போன பிளாஸ்டிக் அல்ல, அருமையான பசை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. 1958இல் 'ஈஸ்ட்மன் 910' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அடுத்த வருடம் கூவர் அதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனார். ஒரே சொட்டில் ஒட்டிய உலோகத் துண்டைப் பிடித்துக்கொண்டு தொகுப்பாளர் கேரி மூர் அந்தரத்தில் தொங்கினார். அமெரிக்கா வாய்பிளந்தது. நானும் சிறுவயதில் இதே மாதிரியான விளம்பரங்களைப் பார்த்து வாய்பிளந்தவன்தான். ஆனால் அந்தத் தொகுப்பாளர் தொங்கியது நேர்கோட்டில். ஒட்டிய இரண்டு முகங்களையும் எதிரெதிர்த் திசையில் நேராக இழுத்தால் இந்தப் பசை அசுர பலம் காட்டும். அதே துண்டைப் பக்கவாட்டில் ஒரு சுத்தியலால் தட்டியிருந்தால்? பொடக்கென்று விட்டிருக்கும். காய்ந்த சயனோஅக்ரிலேட் கண்ணாடிபோல விறைப்பானது, அதிர்ச்சியைத் தாங்காது. பொம்மைத் துப்பாக்கியின் கைப்பிடிக்கு ஒவ்வொரு முறையும் கிடைப்பதோ வெட்டி இழுக்கும் அதிர்ச்சி. என் பசையில் குறையே இல்லை. நேராக இழுக்க வேண்டியதை நெம்பும் இடத்தில் போட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளைப் பூச்சுக்கும் காரணம் உண்டு. இந்தப் பசை காய்வதில்லை. பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரம் அதைத் தூண்டிவிட, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கைகோக்கின்றன. ஹீட்டர் ஓடும் மினசோட்டாக் குளிர்கால வீட்டில் காற்று அப்பளம்போல உலர்ந்திருக்கும். பசை மெதுவாக இறுகும், பொறுமையில்லாதவன் மேலும் ஊற்றுவான், மிச்சம் ஆவியாகிப் பக்கத்தில் வெள்ளையாகப் படியும். இதே ஆவி கைரேகையில் படிவதை 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியக் காவல்துறையினர் கவனித்தார்கள். இன்றும் தடயவியலில் அது பயன்படுகிறது. என் துப்பாக்கியிலும் என் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருந்தது. குற்றவாளி யார் என்பதில் சந்தேகமில்லை.

சரி, எந்தப் பசை? அதற்கு முன் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். இந்த விளையாட்டுப் பொருட்களின் மூதாதை பிறந்தது நான் வசிக்கும் இதே மாநிலத்தில் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 'ட்விஸ்டர்' விளையாட்டை உருவாக்கிய ரேன் கயர், 1969இல் குகைமனிதர்களை வைத்து ஒரு விளையாட்டை முயன்றபோது நுரையில் பாறைகள் செய்தார். விளையாட்டைவிட அந்தப் பாறைகளை ஆள்மேல் எறிவதுதான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. மில்டன் பிராட்லி வேண்டாம் என்றது, பார்க்கர் பிரதர்ஸ் எடுத்துக்கொண்டது. 1970இல் வீட்டுக்குள் எறியலாம் என்ற வாக்குறுதியோடு நெர்ஃப் பந்து வந்தது. துப்பாக்கிகள் வர இன்னும் 20 வருடம் ஆயிற்று. பந்தில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. துப்பாக்கியிலோ ஸ்பிரிங், பிஸ்டன், கொக்கி, விசை எல்லாம் உண்டு, அதிலும் கைவைக்காமல் இருக்க மாட்டாத பெரிய பையன்கள் பலத்த ஸ்பிரிங்கை மாட்டி அதைப் படுத்தும் பாடு தனி.

திருப்புளியால் திறந்து பார்த்தேன். ஓடு ஏபிஎஸ், உட்புறத்திலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. எழுத்து இல்லையென்றால், உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி அசிட்டோன் வைக்கலாம், ஏபிஎஸ் என்றால் பிசுபிசுக்கும். உடைந்த சில்லைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அதற்குச் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, திருகோ ஆணியோதான் வழி.

இப்போது விசை. சூப்பர் குளூவைக் கரைக்க அசிட்டோன் போதும். ஆனால் அதே அசிட்டோன் ஏபிஎஸ் ஓட்டையும் தின்றுவிடும். ஒரு மணி நேரம் இதையே வெறித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி லேசாக நெம்பினேன், டப்பென்று விசை தனியே வந்துவிட்டது. பசை முழுவதும் ஓட்டின் பக்கமே தங்கியிருந்தது. விசை வழுக்கலான, வெள்ளை நிற அசெட்டால் பிளாஸ்டிக். டூபாண்ட் நிறுவனம் 1960 வாக்கில் டெல்ரின் என்று சந்தைக்குக் கொண்டுவந்த அதே குடும்பம். உராய்வு குறைவு என்பதால் நகரும் பாகங்களுக்குப் போடுவார்கள். அதில் எதுவும் சரியாக ஒட்டாது என்பதுதான் பொதுவாக எல்லாரும் அதன்மேல் சொல்லும் புகார். அன்று அதுதான் என்னைக் காப்பாற்றியது.

கைப்பிடிக்கு முதலில் எபாக்சி என்று நினைத்தேன். அதன் கதையும் வேடிக்கைதான். சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் 1930களில் பல்செட்டுக்கான பொருளைத் தேடி அதை அடைந்தார். பிறகு சிபா நிறுவனத்தின் கைக்குப் போய், 1946இல் அரால்டைட் ஆனது. இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் குழைக்கும் அந்தச் சடங்கு எனக்குப் பிடிக்கும். இடைவெளியை நிரப்பும், வெப்பம் தாங்கும். ஆனால் வழவழப்பான ஏபிஎஸ் மேல், உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் தடவினால், ஒருநாள் முழுசாகத் தோலுரிந்து வந்துவிடும். 5 நிமிடத்தில் இறுகும் வகையைவிட ஒரு நாள் எடுக்கும் வகை பொதுவாக உறுதியானது, அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது என்பது ஏற்கெனவே நிரூபணமானது.

தேர்ந்தெடுத்தது மெதக்ரிலேட் பசை. இதுவும் இரண்டு குழாய்தான், ஆனால் ஏபிஎஸ் பரப்பைச் சற்றே இளக்கி அதனுள் கால் ஊன்றிக்கொள்ளும், காய்ந்தபிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நெடி மட்டும் தாங்க முடியாது. கராஜில் செய்யலாமென்றால் அங்கே பசை உறைந்துதான் போகும். அடுக்களையில் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுச் செய்தேன். மனைவி அன்று என்னோடு பேசவில்லை. உடைந்த முகங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, உள்பக்கம் ஒரு ஏபிஎஸ் பட்டையைப் பாலமாக வைத்து, சின்னதாக ஒரு போல்ட்டும் போட்டேன். பளு முழுவதையும் பசை தலையில் ஏற்ற வேண்டாமே. கிளாம்ப் போட்டு ஒரு நாள் தொடவில்லை. தொடவில்லை என்பதைத் தனியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மறுநாள் இரவு அப்பாவை வீடியோவில் அழைத்தோம், அங்கே காலை. பேரன் துப்பாக்கியைக் காட்டி, இழுத்து, திரையைப் பார்த்தே ஒரு தோட்டாவை விட்டான். கைப்பிடி நின்றது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"ஒட்டினது தெரியுதேடா. என்ன போட்ட?"

மெதக்ரிலேட்டைப் பற்றி 5 நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ? ஃபெவிக்விக் ரெண்டு சொட்டு விட்டிருக்கலாமே."

மகன் என்னைப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. அடுத்த தோட்டாவை எடுத்து மாட்டினான்.